ஏறும்போதா, இறங்கும்போதா?

தொலைபேசியில் செய்தி வந்ததும் நான் கேட்ட கேள்வியை கஞ்சிக்கோட்டில் எங்கள் மருந்துத் தொழிற்சாலையில் சிலர் இன்னும் மன்னிக்கவில்லை. பேசியவர் தேவிகுளம் போலீஸ் ஸ்டேஷன்காரர். "கஞ்சிக்கோட்டெ மருந்து கம்பெனியல்லே? ஹனீபா எந்நொராள் அவிடெ ஜோலிக்குண்டோ?" என்று கேட்டார். உண்டு என்றேன். ஜீப்பு மறிஞ்ஞு கொக்கையில் வீணு, ஆள் மரிச்சு என்றார். கொக்கை என்றால் மலைப்பாதையின் ஓரத்துப் பள்ளம். நான் அழவில்லை. ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை. "மேலே ஏறும்போதா, கீழே இறங்கும்போதா?" என்று கேட்டேன்.  "அதறியில்லா", அது தெரியாது என்று சொல்லி வைத்துவிட்டார். ஆபீஸில் இருந்தவர்கள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷம் கூடவே வேலை பார்த்தவளுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா என்று டைப்பிஸ்ட் பெண் பிறகு யாரிடமோ கேட்டாளாம்.

ஹனீபாவை அறிந்த உங்களுக்கு அந்தக் கேள்வியை விளக்க வேண்டியது என் கடமை. மலைமேல் சாந்தன்பாறையில் ஒரு ஏலத்தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், முத்தையா என்று ஒருவர் இருக்கிறார். வலிப்பு நோய்க்காரர். அவர் விழுங்கிக்கொண்டிருந்த மாத்திரையின் அளவு அவருக்கு நஞ்சாக மாறத் தொடங்கியிருக்கும் என்பது ஹனீபாவுக்குத் திடீரென்று புலப்பட்டது. அதைத் தடுக்கத்தான் அவர் மழையில் கிளம்பிப் போனார். ஏறும்போது இறந்திருந்தால் செய்தி போய்ச் சேரவில்லை. முத்தையா அன்று காலையும் அதே அளவை விழுங்கியிருப்பார். இறங்கும்போது என்றால் சேர்ந்துவிட்டது. எனக்குத் தெரிந்து அந்த நிமிஷம் இதை அறிந்தவர்கள் இருவர்தான். ஒருவர் பள்ளத்தில் கிடந்தார். இன்னொருத்தி கையில் தொலைபேசியோடு நின்றாள்.

நடந்து பல வாரங்கள் ஆகியும் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. பரிசோதனைக்கூடத்துக் கதவு திறந்தால் தலை தானாகத் திரும்புகிறது. நாற்பதுகூட ஆகாத மனிதர். என்னைவிட இளையவர். சளி என்று ஒருநாள் லீவு போட்டவரில்லை. இப்படிப்பட்ட ஆளைப் பற்றி 'இருந்தார்' என்று எழுத வேண்டியிருப்பதில் எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வருகிறது.

முதல் சந்திப்பே சண்டை. அவர் பாலக்காட்டு ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. ஏலக்காய், மிளகு வியாபாரம் செய்யும் குடும்பம். படித்த ஒரே ஆள் இவர், அதுவும் உயிர் வேதியியல். நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயக் குடும்பம். இங்கே மாத்திரைகளின் தரம் பார்க்கும் வேலை. அவர் சேர்ந்த வாரமே என் தராசுக்குப் பக்கத்தில் ஒரு தகர வாளியைக் கொண்டுவந்து வைத்தார். அதற்குள் பனிக்கட்டி, பனிக்கட்டிக்குள் ஒரு ஆட்டு ஈரல். பனிக்கட்டி மீன் மார்க்கெட்டிலிருந்து வந்தது. கூடம் முழுக்க மத்தி மீன் வாடை. "ஏனுங்க, இது மருந்துக் கம்பெனியா, கசாப்புக் கடையா?" என்று கத்தினேன். "ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்குக்கா, அதைத்தான் காட்டப் போறேன்" என்றார். காட்டவில்லை. ஈரலை அறுக்கும்போது பித்தப்பை உடைந்து எல்லாம் பச்சையாகப் போயிற்று. பித்தம் பட்டால் அவருக்கு வேண்டிய பொருள் கெட்டுவிடுமாம். "ஆட்டுக்கு நம்ம மேல கோபம்" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். எலிக்குப் பித்தப்பையே கிடையாது என்பதால் அதன்மேல் அவருக்குத் தனிப் பிரியம் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

அவருக்கு வேண்டிய அந்தப் பொருளின் பெயர் மைக்ரோசோம். ஈரலை அரைத்துச் சுழற்றினால் பெரிய துணுக்குகள் முதலில் அடியில் படியும். அவற்றை நீக்கிவிட்டு மேலே நிற்கும் கலங்கல் நீரை இன்னும் மிகமிக வேகமாகச் சுழற்றினால் கடைசியாக ஒரு மெல்லிய படிவு கிடைக்கும். கொழுப்பும் புரதமும் சேர்ந்த சவ்வின் உடைசல்கள் அவை. நாம் விழுங்கும் மருந்தைப் பிடித்து, உருமாற்றி, உடம்பை விட்டு வெளியே அனுப்புவது அந்தச் சவ்வில் உட்கார்ந்திருக்கும் நொதிகள். உடம்புக்குள் கொழுப்பை ஆக்குவதிலும் அழிப்பதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. அவ்வளவு வேகமாகச் சுழற்றும் இயந்திரம் எங்களிடம் ஏது? பெரிய நகரங்களில்தான் உண்டு. ஹனீபா அசரவில்லை. அந்தக் கலங்கல் நீரில் கால்சியம் குளோரைடு கரைசலைக் கொஞ்சம் விட்டார். பால் திரிகிற மாதிரி துணுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. எங்கள் பழைய இயந்திரத்திலேயே அடியில் படிந்தன. யாரோ எங்கோ கண்டுபிடித்த வழிதான், எங்கோ படித்திருக்கிறார். ஆனாலும் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்தில் இருந்த ஒவ்வொருவரிடமும் காட்டினார். கூட்டிப் பெருக்க வந்த அம்மாவிடமும் காட்டினார்.

அன்று அவர் சொன்ன ஒன்று இப்போது அடிக்கடி ஞாபகம் வருகிறது. "உசுரோட இருக்கற ஈரல்ல மைக்ரோசோம்னு ஒண்ணு தனியா கெடையாதுக்கா. அங்க எல்லாம் ஒரே சவ்வு, ஒரே வலை. நாம அரைச்சு உடைச்சப்பறம்தான் இது துண்டு துண்டா உருவாகுது. இதைப் பாத்துட்டு ஈரலைத் தெரிஞ்சுகிட்டதா நெனச்சிடக் கூடாது." இந்த அஞ்சலியை எழுத உட்கார்ந்தபோது எனக்கும் அந்தப் பயம்தான். முழுசாக நடமாடிய ஒருவரை உடைத்துத் துண்டு துண்டாக உங்கள் முன்னால் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சாந்தன்பாறையிலிருந்து ஒரு புகார் வந்தது. எங்கள் வலிப்பு மாத்திரை தோட்டத்து ஆட்களிடம் நிற்பதில்லை, வலிப்பை அடக்குவதில்லை, சரக்கு மட்டம் என்று அங்குள்ள டிஸ்பென்சரி டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். முதலாளி என்மேல் பாய்ந்தார். நான் மாத்திரைகளை எடுத்து மறுபடி சோதித்தேன், குறையே இல்லை. "மாத்திரை சரியா இருக்குதுங்க. அவங்க சரியான அளவுல குடுக்கறாங்களோ என்னமோ" என்று முதலாளியிடம் எரிந்து விழுந்தேன். ஹனீபா மட்டும், "மாத்திரையவே பாத்துட்டு இருந்தா எப்படிக்கா? முழுங்கறவனைப் பாக்க வேண்டாமா?" என்றார். கல்லூரி மேடையில் யாராவது இப்படிப் பேசினால் நான் எழுந்து போயிருப்பேன். இவர் சொல்லும்போது சட்டைக் கையை மடித்துக்கொண்டே சொல்வார், வேலை தொடங்கிவிடும்.

எலிகளில் தொடங்கினார். தூக்க மருந்தை ஊசியாகப் போட்டு எலியை மல்லாக்கப் படுக்க வைப்பார். அது எப்போது புரண்டு எழுகிறது என்று பார்ப்பார். ஈரல் மருந்தை வேகமாகத் தீர்த்தால் எலி சீக்கிரம் எழும். அவ்வளவுதான் சோதனை, குழந்தைக்கும் புரியும். பூச்சிமருந்து சேர்த்த தீனி தின்ற எலிகள் சீக்கிரம் எழுந்தன. அவர் எதிர்பார்த்ததும் அதைத்தான். தோட்டங்களில் தெளிக்கும் பொடிகளுக்கு, மருந்தை வேகமாகத் தீர்க்கும்படி ஈரலை முறுக்கிவிடும் குணம் உண்டு என்பது படித்தவர்களுக்குத் தெரிந்த விஷயம். ஆனால் சாதாரணத் தீனி தின்ற எலிகளும் அதே மாதிரி சீக்கிரமாக எழுந்து உட்கார்ந்துகொண்டு மீசையைத் துடைத்தன. ஊசியின் அளவைக் கூட்டினார். கொஞ்சம் கூடுதலாகத் தூங்கின, அவ்வளவே. வித்தியாசமே இல்லை என்றால் சோதனைக்கு என்ன அர்த்தம்? மருந்து பழசு என்றேன். புதுசு வந்தது, அதே கதை. ஊசி போடத் தெரியவில்லை என்றேன். அதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

விடை எலிக்கூண்டுக்குள்ளேயே கிடந்தது. எலிகளுக்குக் கீழே பரப்ப மரத்தூள் வாங்குவதற்குப் பதிலாக ஹனீபா தன் மாமா கடையிலிருந்து சாக்குச் சாக்காக ஒன்றைக் கொண்டுவந்து கொட்டியிருந்தார். ஏலக்காயை உலர்த்தித் தேய்த்துச் சுத்தம் செய்யும்போது உதிரும் காம்பும் தோலும் சருகும். அது மலையிலிருந்து வியாபாரிகளிடம் வந்து சும்மா கிடக்கும். எலிக்கூடம் பாயச வாசனை அடித்தது. "எங்க வீட்டு மாப்பிள்ளைக்குக்கூட ஏலக்காய் மெத்தை கெடையாதுக்கா" என்று பெருமையடித்துக்கொள்வார். ஒருதரம் சாக்கு தீர்ந்துபோய், புதிதாக வந்த எலிகளுக்கு வைக்கோலைப் பரப்பினோம். அந்த எலிகள் ஒழுங்காகத் தூங்கின. ஹனீபா வெகுநேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காலிச் சாக்கை எடுத்து முகத்தை அதற்குள் விட்டு மோந்தார். ஏலக்காய் வாசனைக்கு அடியில் இன்னொரு நெடி. தோட்டங்களில் தூவுகிற பி.எச்.சி. பூச்சிமருந்துப் பொடியின் நெடி. சாக்கிலிருந்து முகத்தை எடுத்தவர் சிரிசிரி என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "அக்கா, இந்த எலிங்க இத்தனை நாளும் சாந்தன்பாறைல வேலை பாத்துட்டு இருந்திருக்கு" என்றார்.

தன் சோதனை கெட்டுப்போனதைப் பற்றி வேறு யாராவது இவ்வளவு சந்தோஷமாகப் பேசிக் கேட்டிருக்கிறீர்களா? வியாபாரி வீட்டில் பிறக்காத ஒருவருக்கு இந்தத் தப்பைச் செய்யவே தெரிந்திருக்காது. முதலாளியிடம் தானே போய், "மெத்தை என் தப்பு, மாத்திரை நம்ம தப்பில்லை" என்று சொன்னார். அந்த வாரமே நாங்கள் இருவரும் சாந்தன்பாறைக்குப் பஸ் ஏறினோம்.

டிஸ்பென்சரி டாக்டர் கோட்டயத்துக்காரர், வாரத்தில் ஒருநாள் அந்தத் தோட்டத்துக்கு வருவார். நல்ல மனிதர், கேட்டதும் புரிந்துகொண்டார். யாருக்கு மாத்திரை நிற்கவே இல்லை என்று ஹனீபா கேட்டபோது அவர் சொன்ன பெயர் முத்தையா. போடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். நாங்கள் போனபோது அவர் முதுகில் தெளிக்கும் பம்போடு சரிவில் நின்றிருந்தார். முகத்தில் ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. பொடி படிந்த கையாலேயே வெற்றிலையை மடித்து வாயில் போட்டார். மாத்திரை போட்டும் வலிப்பு விடாததால் டாக்டர் அளவை இரண்டு மடங்காக்கியிருந்தார். "எங்கன வேணாலும் விழுந்துருவேன் சார். ஒருக்கா பம்போட உருண்டேன். நல்லவேளை ஏலச்செடி தாங்கிருச்சு" என்று முத்தையா சிரித்துக்கொண்டு சொன்னார். அவர் மனைவி பேச்சியம்மா சிரிக்கவில்லை. "இவுகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்களை லயத்துல வச்சிருக்க மாட்டாக" என்றார்.

ஹனீபா கங்காணியிடம் நயமாகவும் பயமாகவும் பேசினார். அவர் நயமாகப் பேசினால் கேட்பவருக்கு வேலை முடிந்தது. முத்தையாவைத் தெளிப்பு வேலையிலிருந்து எடுத்துப் பாதை செதுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். சில வாரங்களில் வலிப்பு நின்றது என்று டாக்டர் சொல்லியனுப்பினார். அன்று ஹனீபா கூடத்தில் எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார். முதலாளிக்கும் நல்ல பெயர், எனக்கும் நிம்மதி. எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். பம்பைக் கீழே இறக்கிய பிறகும் முத்தையா அதே இரண்டு மடங்கை விழுங்கிக்கொண்டிருந்தார்.

அதன்பின் ஹனீபாவுக்கு ஈரலின் கொழுப்பை அளக்கும் பைத்தியம் பிடித்தது. பொடி பட்ட எலியின் ஈரலே பெருத்திருந்தது. மைக்ரோசோம் சவ்வும் அதன் கொழுப்பும் கூடியிருந்தன. அந்தப் பொடி உடம்பின் கொழுப்பில் போய் ஒளிந்துகொள்ளும் என்றும், வெளியிலிருந்து வருவது நின்றாலும் உள்ளே இருப்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தீரும் என்றும் விளக்குவார். "ஈரலுக்குத் தெளிக்கறது நின்னது உடனே தெரியாதுக்கா. தெரியறப்போ நம்மகிட்ட சொல்லவும் செய்யாது." ஏலச்சருகில் கிடந்த பழைய எலிகளையெல்லாம் வைக்கோலுக்கு மாற்றி, முறுக்கு எப்போது தளர்கிறது என்று பார்க்க வைத்திருந்தார். ஊசியில் மட்டும் பழைய கூட்டிய அளவே தொடர்ந்தது. ஒரே அளவில் போட்டால்தான் ஒப்பிட முடியும்.

கடைசி நாள் இதுதான் நடந்தது. காலையிலிருந்து மழை. ஊசி போட்ட எலிகள் மத்தியானம் தாண்டியும் எழவில்லை. ஒரு எலி எழவே இல்லை. ஹனீபா அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் வந்தேன். சோதனை நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது, முறுக்கு தளர்ந்துவிட்டது என்று ஏதோ சொன்னேன். அவர் காதில் விழவில்லை.  "முத்தையா" என்றார். முத்தையாவின் ஈரலும் இப்படித்தான் தளர்ந்திருக்கும், மாத்திரையோ இன்னும் இரண்டு மடங்கு. அதற்குமேல் எனக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. எலியை மேசைமேல் வைத்தார், கையைக் கழுவினார், குடையை எடுத்தார். "ஏனுங்க ஹனீபா, இந்த மழைல மலை ஏறறீங்களா? ரோடெல்லாம் மண்ணு சரிஞ்சு கெடக்குதாமா. நாளைக்குப் போலாமுங்க, நானும் வரேன்" என்றேன். கதவருகே நின்று திரும்பி, "அந்த எலிக்கும் நாளைக்குன்னுதானே இருந்தோம்க்கா" என்றார். அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அது. டாக்டருக்குப் போன் போட்டுப் பார்த்தேன். மழையில் கம்பி அறுந்து கிடந்தது. சாந்தன்பாறைக்குத் தந்தியும் போகாது என்றார்கள்.

அளவு மீறினால் அந்த மாத்திரை என்ன செய்யும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கண் ஆடும், நாக்கு குழறும், கால் பின்னும். பார்ப்பவர்கள் சாராயம் குடித்தவன் என்பார்கள். பாதை செதுக்கும் ஆள் கையில் வெட்டுக்கத்தியோடு நிற்பது பள்ளத்தின் விளிம்பில்.

அதனால்தான் அவர் கிளம்பிப் போன மூன்றாம் நாள் காலை போனில் அப்படிக் கேட்டேன். போகிற வழியில் மண் சரிந்து மூணாறிலேயே பஸ்கள் தங்கிவிட்டதாக முந்தின நாள் கேள்விப்பட்டிருந்தோம். ஆகவே அவர் ஏறிக்கொண்டிருந்திருக்கலாம், இறங்கிக்கொண்டும் இருந்திருக்கலாம். முதலாளி வேனைக் கொடுத்தார். மைமூனின் அண்ணனும் நானும் ஏறினோம். மைமூன் ஹனீபாவின் மனைவி. பாலக்காட்டில் வண்டியை நிறுத்தியபோது அவர் வாசலில் நின்றார், கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. "காலைலதான் அவங்க சட்டையைக் காயப்போட்டேன்க்கா, இன்னும் ஈரம் போகலை" என்று என்னிடம் சொன்னார்.  அவர் கையைப் பிடித்துவிட்டு வண்டியில் ஏறினேன். பொள்ளாச்சி, உடுமலை, காட்டுப்பாதை, மூணாறு என்று வழி முழுக்க மழை.

தேவிகுளம் அரசு ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தேன். முகத்தில் அடியே இல்லை. மூக்குக்கண்ணாடி மட்டும் இல்லை. கண்ணாடி போடாத ஹனீபாவை நான் அதுவரை பார்த்ததே கிடையாது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், இது வேறு யாரோ, ஆளை மாற்றிச் சொல்லிவிட்டார்கள் என்று மனசு துள்ளியது. பிறகு கையைப் பார்த்தேன். கட்டைவிரலில் வெள்ளி நைட்ரேட் பட்ட கறுப்புக் கறை. என் பாட்டிலைத் திறந்து கொட்டிக்கொண்டதற்காக நான் திட்டிய கறை. ஜீப்பில் இருந்தவர்கள் அவரும் டிரைவரும் மட்டும்தான். டிரைவருக்கு நினைவு திரும்பவில்லை. பை கிடைக்கவில்லை. ஜீப் பூப்பாறை போகும் வழியில் பள்ளத்தில் தலைகீழாகக் கிடந்தது. சக்கரத் தடத்தை மழை கழுவிவிட்டது. ஏறினாரா இறங்கினாரா என்று அங்கேயும் யாருக்கும் தெரியவில்லை.

அவரை வேனில் ஏற்றினார்கள். நான் ஏறவில்லை. மைமூனின் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "மய்யித்தை விட்டுட்டு எங்கக்கா போறீங்க?"

"சாந்தன்பாறைக்குங்க."

"இப்பவா? அதுக்கு உங்களுக்கு வேற நேரமே கெடைக்கலையா?"

"அவருக்கே கெடைக்கலீங்க" என்றேன்.  வேன் கீழே போயிற்று. நான் எதிர்ப்பக்கம், மலைமேல் போன ஒரு ஜீப்பில் ஏறிக்கொண்டேன். அவர் விழுந்த இடத்தைத் தாண்டும்போது டிரைவர் காட்டினான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. மண்ணுக்குள் வைக்கும் நேரத்துக்கு, கூடவே வேலை பார்த்தவள் வரவில்லை என்று பாலக்காட்டில் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். பேசட்டும்.

லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. பேச்சியம்மா வாசலில் விறகைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். "வாங்கம்மா, நனைஞ்சுட்டீகளே! சார் வரலையா?" என்றார். அந்தக் கேள்வியிலிருந்து ஒன்றும் விளங்கவில்லை. நேற்று வந்தவர் இன்று வரவில்லையா என்கிறாரா, அவர் வரவே இல்லை என்கிறாரா?  நான் கேட்பதற்குள் குழாயடியிலிருந்து முத்தையா தண்ணீர்க் குடத்தோடு வந்தார். குடத்தை இறக்கி வைக்கச் சொன்னேன். என்னை நோக்கி நேராக நடந்து வரச் சொன்னேன். அவர் பேச்சியம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

"நேத்து சாரும் இதைத்தானம்மா சொன்னாக!"

 அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. அவர்கள் இருவரும் பயந்துபோய் நின்றார்கள். பேச்சியம்மா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, என்னைத் தேற்றுவதற்காகவே நேற்று நடந்ததைச் சொல்லத் தொடங்கினார். "நேத்து மத்தியானம் வந்தாக. டாக்டரையும் பக்கத்துத் தோட்டத்துல இருந்து கையோட கூட்டியாந்துட்டாக. இவுகளுக்கு நாலஞ்சு நாளா தள்ளாட்டம்மா. கங்காணி குடிச்சிருக்கேன்னு வஞ்சுட்டுப் போனாரு. சார் கண்ணைப் பாத்தாக, மாத்திரைல கொஞ்சத்தைக் கொறைச்சாக. ஒரேடியா கொறைச்சா வலிப்பு திரும்பிருமாம். இந்தா, இந்த வாசல்ல, ஒரு அடிக்கு முன்னால ஒரு அடி வச்சு நடன்னு சொன்னாக. இவுகளுக்குப் புரியல. 'இந்தா பாரு, என்னைய மாதிரி'ன்னு சார் நடந்து காட்டுனாக பாருங்க, சேத்துல வழுக்கி மல்லாக்க விழுந்துட்டாக! லயமே சிரிச்சுச்சு. சாருந்தான் சிரிச்சாக. 'மாத்திரை முழுங்காத நானே விழுறேன்'னு சொல்லிச் சிரிச்சாக. காப்பி போடுறேன்னேன், நிக்கல. ஊட்டுல தேடுவாகன்னு கெளம்பிட்டாக."

நான் குறுக்கே பேசவில்லை. அவர் சொல்லி முடிக்கும்வரை ஹனீபா அந்த வாசலில் உயிரோடு இருந்தார்.

"அடுத்த மாசம் வந்து மறுக்கா நடக்கவச்சுப் பாத்துட்டுத்தான் மிச்சத்தைக் கொறைப்பேன்னு சொல்லிருக்காக. எப்பம்மா வருவாக?" என்று முத்தையா கேட்டார்.

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கு ஞாபகமில்லை. பேச்சியம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதது ஞாபகம் இருக்கிறது. முத்தையா அழவில்லை. சேற்றில் ஹனீபா வழுக்கிய தடம் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். மழை அதையும் கழுவியிருந்தது. "என்னியப் பாக்க வந்துட்டுப் போகையிலயா?" என்று கேட்டார்.  "மிச்சத்தைக் கொறைக்க நான் வரேன்" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் பாலக்காட்டில் இறங்கியதும் நேராக மைமூனிடம் போனேன். வீடு நிறைய ஆட்கள். பலர் என்னோடு பேசவில்லை. "இறங்கும்போதுதான். சொல்லிட்டுத்தான் வந்திருக்காரு. அந்த ஆள் நல்லா இருக்காரு" என்றேன். மைமூன் என் தோளில் சாய்ந்து அழுதார். பிறகு, கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டார். ஊட்டில் தேடுவார்கள் என்று சொல்லிக் கிளம்பியதையும், சேற்றில் விழுந்து சிரித்ததையும் சொன்னேன். இரண்டாவதை இன்னொருதரம் சொல்லச் சொன்னார்.

அவருடைய கண்ணாடி கிடைக்கவில்லை, குடை கிடைக்கவில்லை. எலிக்கூண்டுகளை நான் பார்த்துக்கொள்கிறேன். எல்லாவற்றுக்கும் இப்போது வைக்கோல்தான். மீன் மார்க்கெட் பனிக்கட்டியின் வாடைக்கு இப்போது நான் கத்துவதில்லை. இவையெல்லாம் கூடத்துக்குச் சொந்தம். அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்துக்கொண்டது மலை ஏறுகிற அந்த ஒரு வேலையைத்தான். சொன்னபடி அடுத்த மாதம் போனேன். டாக்டரும் வந்தார். லயத்து வாசலில் முத்தையாவை ஒரு அடிக்கு முன்னால் ஒரு அடி வைத்து நடக்கச் சொன்னோம். நேராக இருக்கிறதா என்று பார்க்க நானும் பக்கத்திலேயே நடந்தேன். பாதி வழியில் அவர் நின்று என் பக்கம் கையை நீட்டினார்.

"பாத்து வாங்கம்மா, இங்கனதான் சார் வழுக்குனாக" என்றார்.

அவர் கால் தடுமாறவில்லை. என் கால்தான் தடுமாறியது.